பதின்மரும் பாட்டேடும்

மன்றம் பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில், பத்து என்னும் எண்ணைப் பொதுவழிபாட்டிற்கு அடிப்படையாகக் கொண்ட ஒரு சமுதாயத்தை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. யூதர் மரபில் தொழுகைக் கூடம் கட்டடத்தால் மட்டும் அமைவதன்று. பருவமெய்திய ஆடவர் பதின்மர் கூடினாலன்றிக் கூட்டு வழிபாடு முழுமை பெறாது.

சென்னையில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வணிகரை இன்று பவழக்காரத் தெருவின் பெயர் நினைவூட்டுகிறது. அவர்கள் நகர வணிகர். சிற்றூர்களில் வேரூன்றிய யூதரைக் காணப் பண்டைச் சேரநாட்டிற்குச் செல்லவேண்டும். சங்கப் புலவர் பாடிய முசிறித்துறை விளங்கிய பகுதியிலேயே சேந்தமங்கலம், பறவூர், மாள ஆகிய ஊர்களின் தொழுகைக் கூடங்கள் எழுந்தன. ஊரார் அவற்றை 'யூதப் பள்ளி' என்றனர். சமணர் உறைவிடத்திற்கும் சிறுவர் கற்குமிடத்திற்கும் தமிழர் வழங்கிய அதே சொல் இவர்களையும் அரவணைத்தது.

இக்கூடங்களில் கீழ்த்தளத்தின் நடுவே ஒரு மேடையும், மாடியில் பெண்டிர் பகுதிக்கு முன்னே மற்றொரு மேடையும் உண்டு. மேல்மேடை கேரளக் கூடங்களுக்கே உரிய தனியமைப்பு. சிறப்பு நாள்களில் அங்கிருந்து மறை ஓதப்பெற்றது. பெண்டிர் தட்டிக்குப் பின்னிருந்து கேட்டனர். பதின்மர் கணக்கில் அவர்கள் சேர்க்கப்படவில்லை.

1950களில் மக்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். மாளக் கூடம் 1955இல் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. சேந்தமங்கலக் கூடம் புதுப்பிக்கப்பெற்று, 2006இல் காட்சிக்கூடமாயிற்று. சுவர்கள் நிற்கின்றன, பதின்மர் இல்லை.

ஆனால், கணக்கில் வாராத பெண்டிர் வேறொன்றைக் காத்தனர். விவிலியக் கதைகள், திருமண வாழ்த்துகள், தொழுகைக் கூடங்களைப் பற்றிய செய்திகள் ஆகியவற்றைக் கூறும் மலையாளப் பாட்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துப் பாடினர். அவ்வேடுகளும் அவர்களுடன் கடல் கடந்தன. பின்னர் ஆய்வாளர் அவற்றைத் தேடித் தொகுத்தனர். சேந்தமங்கலக் கூடத்தின் முன்னுள்ள 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல், இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. அதிலுள்ள பெயரும் ஒரு பெண்ணின் பெயரே: இஸ்ரவேலின் மகள் சாரா.

இலக்கிய மன்றங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மேடையேறியோர் பெயர்கள் அறிக்கையில் நிற்கும். பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டோரின் ஏடுகளையும் மன்றம் இன்றே தேடித் தொகுத்தல் வேண்டும். கூடம் ஒருநாள் வெறுமையுறலாம். அன்று பாட்டு வாழ்வது அவ்வேடுகளில்தான்.