நீத்தார் ஏடுகளும் குடும்ப வரலாறும்



குடும்ப வரலாறு எழுதப் புகும் மாணவர் பெரும்பாலும் ‘எங்கள் கொள்ளுப்பாட்டனார் எங்கே, எப்போது பிறந்தார்?’ என்னும் வினாவோடு தொடங்குகிறார். இயல்பான வினாதான். ஆயினும் சிங்கப்பூர், மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை அது விரைவில் முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கடல் கடந்து வந்த முன்னோர் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்ததில்லை. கடிதம் எழுதும் அளவுக்குக் கல்வியும் பலருக்கு வாய்க்கவில்லை. நிலமோ வீடோ வாங்கியிருந்தால்தானே பத்திரத்தில் பெயர் இருக்கும்! அத்தகைய ஒருவரின் பெயர் எழுத்தில் பதிவான ஒரே தருணம் அவருடைய இறப்பாக இருக்கக்கூடும். ஆகவே நம் தேடல் இறப்பில் தொடங்கிப் பிறப்பை நோக்கிப் பின்னோக்கிச் செல்வதே பயன் தரும். எவரும் கட்டணமின்றிப் பார்க்கத்தக்க இறப்புப் பதிவுகள் எவை, அவற்றைப் படிக்கத் தமிழறிவு எவ்வாறு துணை நிற்கிறது என்பனவே இன்றைய உரையின் பொருள்.

அரசுப் பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

ஓர் அரசு இறப்புப் பதிவேட்டில் இறந்தவரின் பெயர், பால், வயது, இனம், இறந்த இடம், நாள், இறப்பின் காரணம், தகவல் தந்தவர் ஆகிய விவரங்கள் இடம்பெறும். இவற்றுள் நாளும் இடமும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. வயதை அப்படியே ஏற்க இயலாது. பிறந்த ஆண்டு தெரியாத ஒருவருக்கு உடன் வேலை செய்தவர் ‘நாற்பது இருக்கும்’ என்று சொல்லியிருப்பார். எழுத்தர் நாற்பது என்றே எழுதியிருப்பார். பழைய ஏடுகளில் முப்பது, நாற்பது, ஐம்பது என முழு எண்களே மிகுந்து காணப்படுவதற்கு இதுவே காரணம். தகவல் தந்தவரின் பெயரை மாணவர்கள் கவனியாமல் கடந்துவிடுகின்றனர். அவர் மகனா, மருத்துவமனை ஊழியரா, தோட்டத்துக் கிராணியா என்பதைப் பொறுத்தே அந்தப் பதிவின் மற்ற விவரங்களை மதிப்பிட வேண்டும்.

இச்சான்றுகளின் படியைப் பெறச் சிங்கப்பூரில் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தையும், மலேசியாவில் தேசியப் பதிவுத் துறையையும் நாட வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. தேடுவதற்குப் பெயரும் நாளும் ஓரளவு துல்லியமாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். எனவே கட்டணமில்லாத மூலங்களைக் கொண்டு நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, இறுதியில் ஒரே ஒரு சான்றுக்கு மட்டும் விண்ணப்பிப்பதே சிக்கனமான வழி.

நாளிதழே பொது ஏடு

கட்டணமில்லாத மூலங்களுள் நமக்கு முதன்மையானது பழைய நாளிதழ். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தன் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வைத்துள்ளது. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உள்ளன. ஆங்கில இதழ்களில் விபத்து, மரண விசாரணை, இறந்தவரின் சொத்துக்கு உரிமை கோரும் அறிவிப்பு ஆகியவற்றில் தமிழர் பெயர்கள் வரும். ஆனால் பழைய செய்திகள் பலவற்றில் பெயரே இராது. ‘ஒரு தமிழர்’ என்றோ, அக்காலத்தில் தமிழரைக் குறித்த ‘கிளிங்’ என்னும் சொல்லாலோ செய்தி முடிந்துவிடும்.

தமிழ் இதழின் மரண அறிவித்தல் முற்றிலும் வேறு வகையானது. அரசுப் பதிவேட்டில் இறந்தவர் தனியொருவர். தமிழ் அறிவித்தலிலோ அவர் ஒரு சுற்றத்தின் நடுவில் இருப்பவர். இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார், இன்னாரின் மைத்துனர் என உறவு விரியும். பிறந்த ஊரும் வட்டமும் பலவேளை குறிக்கப்படும். ஊரில் உள்ள உறவினருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். குடும்ப மரம் வரைய விழையும் மாணவருக்கு அத்தகைய பத்து வரிகள் பெரும் செல்வம்.

அவ்வரிகளைக் கண்டெடுக்கத் தமிழின் வழக்குகள் தெரிந்திருக்க வேண்டும். ‘மரணம்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் தேடினால் பாதி அறிவித்தல்கள் கைக்கு வாரா. ‘காலமானார்’ என்பது பொது வழக்கு. ‘சிவபதம் அடைந்தார்’, ‘வைகுண்ட பதவி அடைந்தார்’ என்பவை முறையே சைவ, வைணவக் குடும்பங்களைக் காட்டும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பது கிறிஸ்தவர் வழக்கு. ‘வஃபாத்தானார்’ என்பது தமிழ் முஸ்லிம்களின் வழக்கு. ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதி, சடங்குக்கு மாறாகப் படத்திறப்பு நிகழும் என அறிவித்திருந்தால், அது பெரும்பாலும் சீர்திருத்தக் கொள்கையில் ஈடுபட்ட குடும்பமாக இருக்கும். ஆக, இறந்தார் என்னும் செய்தியைச் சொல்லத் தேர்ந்த சொல்லே அக்குடும்பத்தின் நம்பிக்கையையும் நமக்கு உணர்த்திவிடுகிறது. ‘உத்தரகிரியை’, ‘கருமாதி’, ‘நினைவஞ்சலி’ ஆகிய சொற்களையும் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்த நாளின் அறிவித்தல் கிடைக்காவிட்டாலும், ஓராண்டு கழித்து வந்த நினைவஞ்சலி கிடைத்துவிடலாம்.

கணினித் தேடலை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மங்கிய அச்சும், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களும் கணினியை ஏமாற்றிவிடும். நாள் ஓரளவு தெரிந்தால், அதற்கு அடுத்த இரண்டு வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே உறுதியான வழி.

திதியிலிருந்து தேதிக்கு

‘நாள் எங்களுக்குத் தெரியாதே’ என்று சில குடும்பத்தினர் கூறுவர். சற்று விசாரித்தால், ‘தை மாதம், வளர்பிறை ஏகாதசி’ என்று பாட்டி சொல்வார். ஆண்டுதோறும் திவசம் கொடுக்கும் குடும்பத்தில் திதி மறப்பதில்லை. எந்த அலுவலகத்திலும் இல்லாத இறப்புப் பதிவு அது! அதனோடு தமிழ் ஆண்டின் பெயரும் கிடைத்தால், பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு ஆங்கிலத் தேதியைக் கணித்துவிடலாம்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. தமிழ் ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரமாதி என்றால் 1879ஆ, 1939ஆ, 1999ஆ என்பதைத் தலைமுறைக் கணக்கால் முடிவு செய்ய வேண்டும். அடுத்து, தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், 1939இல் பிறந்த பிரமாதி ஆண்டின் தை மாதம் 1940ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் விழும். இதை மறந்து 1939 ஜனவரி இதழ்களைப் புரட்டுவோர் ஓராண்டு தள்ளித் தேடிக்கொண்டிருப்பர்.

பெயரின் பல வேடங்கள்

ஆங்கில ஏடுகளில் தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டல் பெரும் தடை. ‘ராமசாமி’ என்னும் பெயரின் ஈற்றை ‘எஸ் ஏ எம் ஒய்’ என்று முடிப்பார் ஓர் எழுத்தர். ‘எஸ் ஏ டபிள்யூ எம் ஒய்’ என்று முடிப்பார் இன்னோர் எழுத்தர். ‘முத்து’வின் முதலெழுத்துக்குப் பின் ‘யூ’ வரலாம். இரண்டு ‘ஓ’ வரலாம். தமிழில் ஒரே பெயர் ஆங்கிலத்தில் ஐந்தாறு பெயராகிவிடும். மாணவர்கள் தேடத் தொடங்குமுன், தமிழ்ப் பெயரை உரக்கச் சொல்லி, தமிழறியாத ஒருவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என எண்ணி, எழுத்துக்கூட்டல்களைப் பட்டியலிட வேண்டும். தந்தை பெயர், மகன் பெயராக மாறிப் பதிந்திருப்பதும் உண்டு.

ஊர்ப்பெயருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர் பழைய அறிவித்தலில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றே இருக்கும். ஏனெனில் அம்மாவட்டம் 1991இல்தான் தனியே பிரிக்கப்பட்டது.

கல்லறையும் நினைவுச் சுவரும்

புக்கிட் பிரவுன் சீனர் இடுகாட்டின் அடக்கப் பதிவேடுகளை, 1922 முதல் 1972 வரை, சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதனால் சீனக் குடும்பங்கள் பல தம் முன்னோரைக் கண்டடைந்துள்ளன. இந்துத் தமிழருள் பலர் எரியூட்டப்பட்டனர்; அவர்களுக்குக் கல்லறையில்லை. தோட்டங்களில் இறந்தோர் பலர் அங்கேயே புதைக்கப்பட்டனர். மேலே இருந்த மரக்குறிகள் உளுத்துப் போயின. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயப் பதிவேடுகள் துணையாகலாம். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து மாதா ஆலயம் போன்றவற்றின் அலுவலகத்தில் பணிவுடன் விசாரித்துப் பார்க்கலாம்.

போரில் இறந்தோருக்குச் சிறந்த மூலம் ஒன்று உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்த் தொகுப்பை எவரும் இலவசமாகத் தேடலாம். கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அதன் பின்புறம் நிற்கும் எரியூட்டல் நினைவுச்சின்னம், தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேரை நினைவுகூர்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். படைவீரர் பலரின் பதிவில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் ஆகியவையும் இருக்கும்.

ஏட்டில் இல்லாதவர்கள்

இனி, எந்தத் தேடலிலும் கிடைக்காதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அப்பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் மட்டும் அவர்களுள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். போர் முடிந்ததும் அவர்கள் பெயர், படைப்பிரிவு, நாள் எனத் தேடித் தேடி எழுதப்பட்டன. அவர்களினும் மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய பெயரேடு இல்லை. காலராவிலும் காய்ச்சலிலும் மடிந்த தமிழர் பலர் பெயரில்லாத குழிகளுக்குள் போயினர். ஒரே பாதையில், ஒரே காட்டில், ஒரே நோயால் இறந்தவர்களுள் ஒருவருக்குப் பெயர் பொறித்த கல்லும் இன்னொருவருக்கு வெறும் மண்ணும் வாய்த்தன.

போருக்கு முந்தைய தோட்டத் தொழிலாளர் நிலையும் பெரிதும் வேறன்று. தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளில் இறப்பு விகிதம் உண்டு, பெயர் இல்லை. ஆகவே ஏட்டில் பெயர் காணப்படாமை, ஆள் வாழவில்லை என்பதற்குச் சான்றாகாது. எவரை எண்ணத்தக்கவராக அன்றைய ஆட்சி கருதியது என்பதையே அது காட்டுகிறது. மாணவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்தால், அவர்கள் தேடல் வரலாற்றுக் கல்வியாக வளர்ந்துவிடும்.

அத்தகைய முன்னோருக்கு நாமே ஏடு எழுத வேண்டும். ‘தாத்தாவின் அண்ணன் ரயில் போடப் போனார், திரும்பவில்லை’ என்று ஒரு பாட்டி சொன்னால், அதைக் கதை என்று ஒதுக்காமல் எழுதிவையுங்கள். சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், எந்தத் தோட்டம், அப்போது வயது என்ன என்பனவற்றையும் சேர்த்து எழுதுங்கள். 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பதிவுகளில் தமிழ் நேர்காணல்களும் உள்ளன. அவற்றைக் கேட்டால் எப்படி வினவுவது என்பதும் புலப்படும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தில் மறைந்த ஒருவரின் ஒரு பதிவை ஒரு பருவத்துக்குள் கண்டுபிடிக்கட்டும். அறிவித்தலோ, கல்லறை வாசகமோ, திதியோ, பாட்டியின் வாய்மொழியோ எதுவாயினும் சரி. அதை அவர் படியெடுத்து, இன்றைய தமிழில் விளக்கி, உறவுமுறைகளைப் படமாக வரையட்டும். மைத்துனர், சம்பந்தி, கொழுந்தியாள் என்னும் சொற்களைப் பொருள் விளங்கிப் படிக்க இதைவிடச் சிறந்த பாடம் அரிது. ஒன்றை மட்டும் அவர்களுக்கு வலியுறுத்துங்கள்: வாழ்வோரின் விவரங்களையும், குடும்பத்தார் மறைக்க விரும்பும் இறப்புக் காரணங்களையும் வகுப்பில் வெளியிடுதல் கூடாது.

மாணவச் செல்வங்களே, ஏடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திறக்கும் வசதி உங்களிடம் உண்டு. படிக்கும் மொழியும் உங்களிடம் இருக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இல்லாமற்போகும் நாளில், அந்த மரண அறிவித்தல்கள் திரையில் தெரிந்தும் மறைந்தவை ஆகிவிடும். இன்று வீட்டுக்குச் சென்றதும், மூத்தவர் ஒருவரிடம் ஒரு பெயரையும் ஒரு திதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.