தண்டுவடம் கற்பித்த நடை

ஒவ்வோர் அடியையும் எப்படி எடுத்து வைப்பது என்று மூளை கணக்கிடுவதில்லை. நடையின் தாளம் தண்டுவடத்திலேயே பிறக்கிறது. 1911-இல் தாமஸ் கிரஹாம் பிரவுன் இதைப் பூனைகளில் காட்டினார். மூளையின் தொடர்பையும் கால்களிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் துண்டித்த பின்னும், காலை மடக்கி நீட்டும் தாளம் நிற்கவில்லை. ஸ்டாக்ஹோமில் ஸ்டென் கிரில்னர், லாம்ப்ரே என்னும் தாடையற்ற மீனில் இத்தகைய தாளச் சுற்றை நரம்பணு நரம்பணுவாக ஆராய்ந்தார்.

இன்று பட்டம் பெறும் பொறியாளர்களுக்கு வாழ்த்தோடு சேர்த்துச் சொல்லத்தக்கது இதன் அடுத்த கட்டம். பிரான்சின் போர்தோவில் நரம்பியலாளர் ழான்-மரி கபெல்கனின் குழு, நீரிலும் நிலத்திலும் வாழும் சாலமாண்டரின் நடுமூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியது. மெல்லத் தூண்டினால் அது நடந்தது. தூண்டலைக் கூட்டினால் நீந்தியது. கட்டளை ஒன்றே, அளவுதான் வேறு. சுவிட்சர்லாந்தின் லோசானில் ரோபோ ஆய்வாளர் ஔகே ஐஸ்பேர்ட் இதைச் சமன்பாடுகளாக்கினார். 2007-இல் இருவரும் சக ஆய்வாளர்களுடன் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சாலமாண்டர் ரோபோ அந்தக் கணிதத்தால் இயங்கியது.

ரோபோவின் உடலுக்குத் தாளத்தை உண்டாக்கும் ஒரு வரிசை அலைவிகள், கால்களுக்குத் தனி அலைவிகள். கால் அலைவிகள் இயல்பிலேயே மெதுவானவை. ஆனால் உடல் அலைவிகளை வலுவாகப் பிடித்திழுப்பவை. கட்டளை குறைவாக இருக்கும்போது அவற்றின் பிடியில் உடல் இடமும் வலமும் வளைய, ரோபோ நடக்கிறது. கட்டளை ஓர் எல்லையைத் தாண்டினால் கால் அலைவிகள் ஈடுகொடுக்க முடியாமல் ஓய்கின்றன. பிடி விட்ட உடலில் தலையிலிருந்து வால்வரை அலை ஓடுகிறது, அதுவே நீச்சல். நடையை மாற்றத் தனி நிரல் வேண்டியதில்லை. கட்டளை திடீரென மாறினாலும் மோட்டார்கள் துள்ளுவதில்லை, அலைவிகள் வழுக்கிக்கொண்டு புதிய தாளத்துக்குச் செல்கின்றன. இவ்வளவு சிக்கனமான தீர்வு மோட்டார்களை மட்டுமே படித்தவருக்குத் தோன்றியிருக்காது. பொறியியல் மாணவர் உயிரியல் ஆய்வகத்திலும் சில காலம் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

உயிரியல் கொடுத்த கடனை ரோபோ திருப்பியும் தருகிறது. தண்டுவடம் அறுந்த விலாங்கு எப்படி நீந்துகிறது என்பது பழைய கேள்வி. 2021-இல் லோசான் குழு பிற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, 10 கணுக்கள் கொண்ட 'அக்னதாஎக்ஸ்' ரோபோவில் அலைவிகளுக்கு இடையிலான இணைப்புகளை அறுத்துப் பார்த்தது. பக்கங்களில் பொருத்திய உணரிகள் நீரின் அழுத்தத்தை உணர்ந்து தத்தம் கணுவுக்குச் சொல்ல, தனித்து விடப்பட்ட கணுக்கள் ஒன்றோடொன்று இசைந்து, ரோபோ தொடர்ந்து நீந்தியது.