ஒரு ரேடியேட்டர் மட்டும் சுடவில்லை

பிரிட்டனில் அக்டோபர் பிறந்து ஹீட்டிங் போடத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. "மற்ற அறையெல்லாம் நல்லா சுடுது, இது மட்டும் ஐஸ் மாதிரி கிடக்கு." உடனே பிளம்பரைக் கூப்பிட வேண்டாம். அவர் வந்தாலும் முதலில் ரேடியேட்டரைக் கையால் தொட்டுத்தான் பார்ப்பார். அதை நாமே செய்யலாம். குளிர் எந்த இடத்தில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மேலே குளிர்ந்து கீழே சுட்டால், உள்ளே காற்று தேங்கியிருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சதுர முனையுள்ள சிறு திருகு இருக்கும். அதற்கான சாவி ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். கீழே ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருகிற தண்ணீர் கறுப்பாக இருக்கலாம், கார்ப்பெட்டில் பட்டால் கறை போகாது. சாவியை இடப்பக்கமாக அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் சொட்டியதும் மூடிவிடுங்கள். காம்பி பாய்லர் வீடென்றால் அதோடு அழுத்தமும் இறங்கியிருக்கும். ஆறிய நிலையில் அழுத்தமானியின் முள் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். குறைந்திருந்தால், கையேட்டில் சொன்னபடி தண்ணீர் ஏற்றுங்கள்.

மாதாமாதம் இப்படிக் காற்று சேர்ந்தால் யோசிக்க வேண்டும். அது காற்றாகவே இல்லாமலும் போகலாம். உள்ளே இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது, அது தீப்பிடிக்கும். திருகைத் திறக்கும்போது பக்கத்தில் மெழுகுவத்தியோ சிகரெட்டோ வேண்டாம்.

மேலே சுட்டு, கீழே நடுப்பகுதி குளிர்ந்தால், அடியில் சேறு படிந்திருக்கிறது. காந்தம் வைத்தால் ஒட்டுகிற கறுத்த இரும்பு ஆக்சைடு அது. எத்தனை முறை காற்றைத் திறந்துவிட்டாலும் அசையாது. கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவ வேண்டும், அல்லது ஆளை வைத்து மொத்தக் குழாய்களையும் அலச வேண்டும். பிறகு அரிப்பைத் தடுக்கும் திரவம் ஊற்றாவிட்டால் செலவழித்த காசு வீண்.

முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் ரேடியேட்டர்தான் ஆளை ஏமாற்றுவது. 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வுத் தலையைப் பாருங்கள். கோடைக்குப் பூட்டி வைத்ததை யாரும் திறக்காமல் விட்டிருக்கலாம். கனத்த திரைச்சீலை மூடியிருந்தாலோ சோபா முட்டிக்கொண்டிருந்தாலோ, அங்கே அடைபட்ட சூட்டை அறையின் சூடாக எண்ணி வால்வு அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் ரேடியேட்டர் என்றால் துணி காயப்போடும் கொடி. ஈரத் துவாய்க்குள் புதைந்த வால்வு என்ன செய்யும், பாவம்.

திறந்தும் சுடவில்லையென்றால், தலைக்குக் கீழுள்ள வளையத்தைக் கையால் திருகித் தலையைக் கழற்றுங்கள். பல வகைகளில் தண்ணீர் வராது. உள்ளே சிறிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரலாலோ கட்டையாலோ அழுத்தினால் அது உள்ளே போய்த் தானாக மேலே வர வேண்டும். மாதக்கணக்கில் அசையாத ஊசி உள்ளேயே இறுகிவிடும். பக்கவாட்டில் மெல்லத் தட்டி, அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் இளகும். குறடால் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்தால் கூடம் குளமாகிவிடும்.

ஊசி சரியென்றால் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் வால்வைச் சோதியுங்கள். சுவருக்கு வண்ணம் பூச வந்தவர் மூடிவிட்டுப் போயிருக்கலாம். திறக்கும்போது எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அறைக்கும் சூடு பங்காவது அந்த வால்வுகளின் அளவில்தான்.

வீடு முழுக்கக் குளிர்ந்தால் பழுது ரேடியேட்டரில் இல்லை. டைமர், தெர்மோஸ்டாட், அழுத்தம் மூன்றையும் பாருங்கள். கடும் உறைபனியில் வெளிச்சுவரில் போகும் பாய்லர் கழிவுநீர்க் குழாய் உறைந்தும் பாய்லர் நின்றுவிடும். வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் போதும், கொதிநீர் கூடாது.

ஆனால் பாய்லரின் மூடியை நீங்கள் திறக்கக் கூடாது. எரிவாயு வேலைக்கு கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் வர வேண்டும். 2009 முதல் பிரிட்டனில் அதுதான் சட்டப்படியான பதிவேடு. வருகிறவரிடம் அட்டையைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். முன்பக்கப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும்.