பணியறிவு முன்னர், பொறி பின்னர்

(வணிகரும் அலுவலரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

  

வணிகப் பணிகளைத் தன்னியக்கமாக்கும் மென்பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தலைப்பு நீளமானது, கருத்தோ எளியது. ஒரு கடையிலோ தொழிலகத்திலோ அலுவலகத்திலோ நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழும் பணிகள் உள. சரக்கு வேண்டுமென்று கேட்பு வருகிறது, இருப்பைப் பார்க்கிறோம், விலை போடுகிறோம், பட்டியல் எழுதுகிறோம், சரக்கை அனுப்புகிறோம், பணத்தை வரவு வைக்கிறோம். இந்தத் தொடரில் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குத் தாளை ஓர் ஆள் தூக்கிச் செல்வதற்கு மாறாக, கணிப்பொறியே செய்தியைக் கொண்டு செல்லுமாறு அமைப்பதுதான் தன்னியக்கம். எவ்வழியில், எந்த ஒழுங்கில் கொண்டு செல்ல வேண்டும் என்பதைப் பொறிக்கு எழுதிக் காட்டுவதுதான் மென்பொருள்.

இதைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழும். 'இது பொறியியல் வல்லார்க்கு உரியது. நாம் விலைக்கு வாங்கத்தான் முடியும்' என்பது ஒன்று. 'வாங்கி வைத்துவிட்டால் எல்லாம் தாமே சரியாகிவிடும்' என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. அவை பிழையென்பதற்கு வரலாறே சான்று.

தேநீர்க்கடைக்காரர் செய்த பொறி

வணிக அலுவலுக்கென்றே ஒரு கணிப்பொறியைச் செய்து, அதில் நாள்தோறும் பணி நடத்திக் காட்டிய முன்னோடி யார்? படைத்துறையா? பல்கலைக்கழகமா? பெரும் பொறித் தொழிலகமா? இல்லை. இலண்டனில் தேநீரும் அடுமனைப் பண்டங்களும் விற்ற இலயன்சு என்னும் நிறுவனம்!

1894-இல் பிக்காடில்லித் தெருவில் முதல் தேநீர்க்கடையைத் திறந்த நிறுவனம் அது. பின்னர் நாடெங்கும் அதன் கடைகள் பெருகின. ஒவ்வொரு கடையிலும் நாள்தோறும் விற்பவை சிறுசிறு பண்டங்கள். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் ஈட்டமோ மிகச் சிறிது. கணக்கெழுதும் செலவு சற்றே கூடினாலும் ஈட்டம் முழுதும் கரைந்துவிடும். ஆகலின், கணக்கு வேலையை எவ்வாறு குறைப்பது என்று ஆய்வதற்கென்றே அங்குத் தனிப்பிரிவு ஒன்று இயங்கியது. கேம்பிரிட்சில் கணக்கியல் பயின்று 1923-இல் அங்குச் சேர்ந்த சான் சிம்மன்சு என்பவர் அம்முயற்சிக்கு உயிராய் நின்றார்.

1947-இல் தாம்சன், சுடாண்டிங்போர்டு என்னும் இருவரை அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அலுவலக முறைகளில் புதியன எவை என்று கண்டு வருவதே அவர்கள் வேலை. அங்குப் பிரின்சுடனில் கோல்டுசுடைன் என்னும் அறிஞரைக் கண்டனர். அவரோ, 'உங்கள் நாட்டுக் கேம்பிரிட்சிலேயே இத்தகைய பொறி உருவாகி வருகிறதே' என்னும் செய்தியைக் கூறினார். கடல் கடந்து தேடிச் சென்றது தம் வீட்டுக்கு அண்மையிலேயே இருந்தது!

திரும்பி வந்தவர்கள் கேம்பிரிட்சில் மாரிசு வில்க்சு என்பாரை அணுகினர். அவர் செய்து கொண்டிருந்த எட்சாக் என்னும் பொறிக்கு இலயன்சு நிறுவனம் பணம் தந்தது. தன் ஆள் ஒருவரையும் துணைக்கு அனுப்பியது. 1949 மே மாதம் எட்சாக் இயங்கிற்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, சான் பிங்கர்டன் என்னும் பொறியாளர் தலைமையில் இலயன்சு தன் பொறியைத் தானே கட்டிற்று. அதன் பெயர் இலியோ. 'இலயன்சு மின்னணு அலுவலகம்' என்பதன் சுருக்கம் அது. ஏறத்தாழ 6,000 வெற்றிடக் குழல்கள். நினைவகமாக இதள் (பாதரசம்) நிரம்பிய குழாய்கள். ஓர் அறை முழுதும் நிறைந்த உருவம். 1951 நவம்பரில் அடுமனைப் பண்டங்களின் மதிப்பீட்டுக் கணக்கைக் கிழமைதோறும் அது போடத் தொடங்கியது.

வெற்றியின் மறைபொருள்

அன்பர்களே! இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியோடு ஒப்பிட்டால் அந்தப் பொறி ஒன்றுமே இல்லை. எனினும் வாங்கிய மென்பொருள் பயன்படாமல் கிடக்கும் அலுவலகங்கள் இன்றும் இருக்க, அந்தப் பழம்பொறி பயன் தந்தது எங்ஙனம்?

விடை ஒன்றே. பணியை அறிந்தவரே நிரலை வகுத்தனர்.

டேவிட் கேமினர் என்பவர் கணிப்பொறி வல்லுநராக அங்கு வந்தவரல்லர். 1936-இலேயே சேர்ந்து அந்நிறுவனத்தின் அலுவல் முறைகளை உள்ளிருந்து கற்றவர். ஒரு பணி எங்கே தொடங்குகிறது, எந்தத் தாள் எந்த மேசைக்குச் செல்கிறது, எந்த எண் எதனோடு ஒத்துவர வேண்டும் என்றெல்லாம் வரைந்து பார்த்த பின்னரே நிரல் எழுதச் செய்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தாக வேண்டும் என்பது அங்கே நெறி. மேரி கூம்சு என்னும் பெண்மணியும் 1952-இல் அலுவலகப் பணிக்கு வந்தவரே. தேர்வு வைத்துப் பார்த்துத் திறமறிந்து நிரல் எழுதும் குழுவில் சேர்த்துக் கொண்டனர். வணிக நிரல் எழுதிய முதற்பெண் என்று இன்று அவரைப் போற்றுகின்றனர்.

தேநீர்க்கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் பணியை அவர்கள் அமைத்த முறையைப் பாருங்கள். கடைப் பொறுப்பாளர் நாள்தோறும் முழுப்பட்டியலை எழுதியனுப்ப வேண்டியதில்லை. கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலைப்பட்டியல் இருக்கும். நாளை அதில் மாற்றம் இருந்தால் அதைமட்டும் பிற்பகலில் தொலைபேசியில் சொன்னால் போதும். அம்மாற்றம் அட்டையில் துளையாக விழும். அட்டை பொறிக்குள் செல்லும். இரவு எவ்வளவு சுட வேண்டும், எந்தக் கடைக்கு எதைச் சேர்த்துக் கட்ட வேண்டும், வண்டி எப்போது புறப்பட வேண்டும், பட்டியல் தொகை எவ்வளவு என்பன அனைத்தும் வெளிவரும். ஒருமுறை உட்சென்ற செய்தி மறுமுறை எழுதப்படுவதில்லை. தன்னியக்கத்தின் இலக்கணம் முழுதும் இதில் அடங்கிவிட்டதன்றோ!

சம்பளக் கணக்கில் பழகிய கணக்கர் ஒருவர் ஓர் ஆளுக்கு எட்டு மணித்துளி எடுத்துக் கொண்டதை இலியோ ஒன்றரை நொடியில் முடித்தது. ஆயினும் அவர்கள் மயங்கிவிடவில்லை. பழைய கைக்கணக்கையும் உடன் நடத்தி, இரண்டும் ஒத்துவருவதைக் கண்ட பின்னரே 1954-இல் சம்பளப் பட்டியலைப் பொறியிடம் ஒப்படைத்தனர். கூலி ஒரு நாள் தவறினும் உழைப்பவர் வீட்டில் அடுப்பெரியாது என்பதை அறிந்தவர் செயல் அது. 1956-இல் போர்டு வண்டித் தொழிலகத்தின் பிரித்தானியச் சம்பளக் கணக்கும் தேநீர்க்கடைக்காரரின் பொறிக்கே வந்தது!

பின்னாளில் அந்தப் பிரிவு 1963-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. பொறிகள் பழங்கலமாயின. பணிமுறையை ஆய்ந்தபின் நிரல் எழுதும் நெறியோ உலகெங்கும் நிலைத்தது.

எழுதியவர் வழக்கமே ஆளும்

இதிலிருந்து நாம் பெறும் உண்மை யாது? மென்பொருள் என்பது எழுதிவைக்கப்பட்ட வழக்கம். எவர் வழக்கத்தை எழுதினார்களோ, அவர் வழக்கமே அதைப் பயன்படுத்துவோரையும் ஆளும்.

நம் பெயர்களையே எடுத்துக் கொள்வோம். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைத்துத் தம் பெயரை எழுதுகின்றனர். குடும்பப் பெயர் பெரும்பாலார்க்கு இல்லை. குடும்பப் பெயரை நிரப்பாவிடில் மேலே செல்லவொட்டாத படிவம் நம்முன் வரும்போது என்ன நிகழ்கிறது? ஒருவர் தந்தை பெயரை அங்கு இடுகிறார். மற்றொருவர் ஒற்றை எழுத்தை இடுகிறார். இன்னொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார். பின்னர் ஓர் ஆவணத்தில் ஒரு பெயர், மற்றோர் ஆவணத்தில் வேறு பெயர் என்று ஆகி அலைபவர் நம் மக்களே. குற்றம் பெயரில் இல்லை. நம் வழக்கத்தை அறியாது எழுதிய நிரலில் உள்ளது.

அகரவரிசையும் அத்தகையதே. யுனிகோடு என்னும் ஒருங்குகுறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ றகர னகரங்கள் இறுதியில் வருவன. நிரலர் எண்மதிப்பை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், வாடிக்கையாளர் பட்டியல் தமிழ் அகரவரிசையில் வாராது. சரியாக வரிசைப்படுத்தும் விதிகள் இன்று ஆயத்தமாகவே உள்ளன; அவற்றைப் பயன்படுத்துமாறு கேட்க வேண்டியவர் நாம். கேளாதவர்க்கு யார் தருவார்?

செய்ய வேண்டுவன

முதலாவது, மென்பொருள் வாங்குமுன் உங்கள் பணியை நீங்களே தமிழில் எழுதுங்கள். கடைக்கணக்கர், கிடங்குக் காவலர், வண்டியோட்டி ஆகிய மூவரையும் உடன்வைத்து எழுதுங்கள். விதியை முதலாளி அறிவார். விதிவிலக்கை அறிந்தவர் பணியாளரே. கடனுக்குத் தருவது யாருக்கு, திரும்பி வந்த சரக்கை எங்கே எழுதுவது, திருவிழாக் காலத்தில் எது மாறும் என்பன விதிவிலக்குகள். பொறி இடறி விழுவதும் அங்கேதான்.

இரண்டாவது, வேண்டாத வேலையை முதலில் நீக்குங்கள். யாரும் படியாத ஏட்டைப் பொறியில் ஏற்றினால், யாரும் படியாத ஏடு விரைவாக வளரும், அவ்வளவே.

மூன்றாவது, ஒரே நாளில் அனைத்தையும் மாற்றாதீர்கள். ஒரு பணியை எடுத்து, பழைய முறையோடு உடன்நடத்தி, ஒத்துப் பார்த்து, பின்னர் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

நான்காவது, பணியாளரைப் பகைத்துக்கொண்டு பொறியைக் கொண்டுவராதீர்கள். எட்டு மணித்துளி வேலை ஒன்றரை நொடியில் முடியுமெனின் கணக்கர் அஞ்சாரா? அவ்வச்சம் ஞாயமானது. அவர் அறிவைப் பெற்றுக்கொண்டு அவரை வெளியே தள்ளும் நிறுவனம், நாளை பொறி பிழைசெய்யும்போது பிழையென்று கண்டுசொல்ல ஆளின்றி நிற்கும். அவரையே நிரலின் காவலராக ஆக்குங்கள்.

ஐந்தாவது, திரையில் தோன்றும் சொற்களும், பட்டியலும், பற்றுச்சீட்டும் தமிழில் அமைய வேண்டுமென்று விலைபேசும்போதே எழுதி வாங்குங்கள். விளங்காத சொல்லை நாள்முழுதும் அழுத்துபவர், என்ன செய்கிறோம் என்றே அறியாமல் அழுத்துகிறார். விளங்கிய சொல்லே பிழையைத் தடுக்கும் முதல் வேலி.

இங்கிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். உலகத்தார்க்கு நிரல் எழுதும் தமிழர் பல்லாயிரவர். உங்கள் தெருமுனை வணிகர்க்கு ஒரு நல்ல நிரல் எழுத ஒருவர் வேண்டாவா? அவர் கடையில் ஒரு கிழமை உட்காருங்கள், பாருங்கள், கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

தேநீர் விற்றவர் தம் பணியைத் தாமே அறிந்தமையால் உலகுக்கு வழிகாட்டினர். நம் பணியை நாம் அறிவோம். நம் மொழியில் எழுதுவோம். அதன்பின் பொறியை ஏவுவோம். ஏவுவோர் நாமாக இருப்போம், ஏவப்படுவோராக ஆகாதிருப்போம்.