மண்ணால் ஒரு பாலம், சுடுகாட்டுக்கு ஒரு வழி
(காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காஞ்சிபுரத்தில் பேசக் கூப்பிட்டால் பட்டைப் பற்றிப் பேசணும், இல்லாட்டி கோயிலைப் பற்றிப் பேசணும். நான் பாலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏரிக் கலங்கலிலிருந்து இறங்கும் ஓடையின் மேல், சேரிக்கும் ஊருக்கும் நடுவே, சேரிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே போட வேண்டிய முப்பது அடி, நாற்பது அடிப் பாலம்.

தென்னேரி, உத்திரமேரூர் என்று ஏரிகளால் ஆன பூமி இது. ஏரி நிரம்பினால் ஊருக்குக் கொண்டாட்டம். கலங்கல் வழிந்தால் சேரிக்குப் பாதை போச்சு. மார்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போகிற படத்தை மழைக்காலப் பேப்பரில் பார்த்துப் பார்த்து நமக்கே பழகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலமே மூழ்கியது. பெரிய ரோட்டுக்கே அந்தக் கதி என்றால் சேரி ஓடையை யார் கேட்கப் போறாங்க?

நான் சிவில் டிப்ளமோ படித்துப் பல வருஷம் சைட்டில் நின்றவன். பாலம் கேட்டுப் போனால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம்: "ஓடை மண்ணு லூசு, பைல் போடணும், எஸ்டிமேட் தாங்காது." இந்தப் பதிலைத்தான் இன்று பிரித்துப் பார்க்கணும்.

சின்னப் பாலத்தில் காசைத் தின்பது மேலே போகிற தளம் மட்டுமில்லை. இரண்டு கரையிலும் அதைத் தாங்குகிற முட்டுச்சுவர்தான் பெரிய செலவு. பைல், கம்பி, சென்ட்ரிங், கான்கிரீட் எல்லாம் அங்கேதான் போகுது. அந்தச் சுவரை மண்ணாலேயே கட்டலாம். 1960களில் ஹென்றி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், மண்ணுக்குள் பட்டை பட்டையாக இரும்பைப் பரப்பினால் மண்ணே சுவராக நிற்கும் என்று காட்டினார். சென்னை மேம்பாலங்களின் ஏற்றத்தில் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகப் பலகை தெரியுதே, அதற்குப் பின்னால் பல இடங்களில் இருப்பது இந்த வேலைதான். இதற்கு இந்தியச் சாலைப் பேராயம் 2014இல் தனி வழிகாட்டியே போட்டிருக்கிறது.

பாலத்துக்கு இதையே இன்னும் எளிமையாக்கினார்கள். ஹாலோ பிளாக் ஒரு வரிசை வை. பின்னால் நல்ல ஜல்லியை எட்டு அங்குலத்துக்குக் கொட்டி இறுக இடி. மேலே செயற்கை நூலில் நெய்த துணியை, பிளாக்குக்கு மேலேயும் படுகிற மாதிரி விரி. அடுத்த வரிசை வை. உச்சியில் உத்தரம் உட்காருகிற இடத்தில் மட்டும் துணி இன்னும் நெருக்கம். பைல் கிடையாது, உத்தரம் நேரே அந்த மண் மெத்தையில் உட்காரும். பாலமும் ரோடும் சேர்ந்தே அமுங்குவதால், பாலத்து வாயில் வண்டி தூக்கிப் போடுகிற பள்ளமும் விழாது. நெசவாளித் தோழர்களுக்குச் சட்டென்று புரியும்: எந்தப் பக்கத்து நூல் பலமோ அந்தப் பக்கம் சுவரிலிருந்து கரைக்குள்ளே நீளணும். மாற்றி விரித்தால் சுவர் பிதுங்கும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் டிஃபையன்ஸ் என்கிற மாவட்டம். 2005இல் அங்கே 82 அடிப் பாலம் ஒன்றை மாவட்டத்தின் சொந்த வேலையாட்களை வைத்தே சுமார் ஒன்றரை மாதத்தில் கட்டினார்கள். செலவில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். பணக்கார நாடே ரோட்டுப் பாலத்தை இப்படிக் கட்டுகிறது. அதனால் "சேரிக்குன்னா மட்டமான பாலமா?" என்று யாரும் கோபப்பட வேண்டாம். ஆனால் அந்தச் சந்தேகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஜல்லிக்குப் பதில் ஏரி வண்டலைக் கொட்டி, திமிசு போடாமல் மூடிவிட்டால் வெளியே பிளாக் மட்டும் அழகாத் தெரியும். ஒவ்வொரு அடுக்கையும் இடித்தபின் நம் பிள்ளைகள் நின்று பார்க்கணும்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. தண்ணி அடியை ஆழமாக அரிக்கிற இடத்தில் இந்தச் சுவர் நிற்காது. மணலை அள்ளிப் பள்ளமாக்கின பாலாற்றில் இதைக் கேட்காதீர்கள். அங்கே பைல்தான். ஓடையிலும் அடியில் துணி சுற்றிய ஜல்லி அஸ்திவாரமும் முன்னால் பெரிய கற்பரப்பும் வேணும். எந்த ஓடை எவ்வளவு அரிக்கும் என்று யாருக்குத் தெரியும்? தலைமுறையாக மடை திறந்து கரை காத்த நீர்க்கட்டிக்குத் தெரியும். அவர் பெரும்பாலும் நம்ம ஆள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்ட கதையை எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. அந்தக் குடத்தில் நிலமும் வேதமும் உள்ளவன் பேர்தான் விழுந்தது, வண்டல் சுமந்தவன் பேர் இல்லை.

பணம் இல்லை என்பதும் பொய். அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் குடியிருப்பு மேம்பாட்டுக்கு ஐந்தாண்டில் 1,000 கோடி என்று 2023இல் அறிவித்தார்கள். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குச் சட்டமே வந்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு வாணியம்பாடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019 ஆகஸ்ட், நாராயணபுரம். இதே பாலாறு. அங்கே பாலம் இருந்தது, தோழர்களே! சுடுகாட்டுக்குப் போகிற வழியை நிலக்காரர்கள் அடைத்துவிட்டதால், நம் மக்கள் பிணத்தைக் கயிறு கட்டி அந்தப் பாலத்து மேலிருந்து கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சி வெளியான பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. பாலம் கட்டுவது இஞ்சினியர் வேலை. பாலம் முடிகிற இடத்திலிருந்து சுடுகாடு வரைக்கும் இருக்கிற வழி சாதிக்காரன் கையில் இருக்கு.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு மனு எழுதும் தோழர்கள் ஓடையின் அகலத்தையும் வெள்ளம் ஏறின மட்டத்தையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இரண்டு கரையிலும் பாதை போகிற சர்வே எண், அது யார் பேரில் இருக்கு, எங்கே வேலி போட்டிருக்கு, எல்லாத்தையும் அதே தாளில் எழுதுங்க. பாதையை அளந்து கல் நட்ட பிறகுதான் முதல் பிளாக் வைக்கணும் என்று தீர்மானத்தில் பதியச் சொல்லுங்க. எஸ்டிமேட் போடுவதற்கு நான் வர்றேன்.