அச்சு முறுக்கு சுடும் நாள்



அச்சு முறுக்கு சுட்டவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு முறுக்கு தேறாது. அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கும்போது முக்கால் உயரத்துக்கு மேல் மாவு ஏறக் கூடாது. ஏறிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு கழலவே கழலாது. பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதம். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கம்தான் எங்கள் ஊர். டிசம்பர் 20 தாண்டினால் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இந்த வாசம்தான்.

கிறிஸ்துமஸ் விருந்தைக் கையைக் கடிக்காமல், மனசு நிறைய நடத்துவது எப்படி என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் பதில் இந்த அடுப்படியில்தான் இருக்கிறது. குடும்பம் கூடுகிற நாளை 25-ஆம் தேதி மதியத்திலிருந்து எடுத்து, பலகாரம் சுடுகிற நாளுக்கு மாற்றுங்கள்.

காரணம் சொல்கிறேன். 25 அன்று விடியற்கால ஆராதனைக்காக மூன்று மணிக்கே வீடு எழுந்துவிடும். கோயிலிலிருந்து திரும்பியதும் பிள்ளைகள் புதுச் சட்டையோடு சுருண்டு தூங்குவார்கள். பெண்கள் மட்டும் சிவந்த கண்ணோடு பிரியாணிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்போம். அதற்குப் பயந்து ஒரு வருஷம் நாற்பது பேருக்கு வெளியில் ஆர்டர் கொடுத்தோம். மட்டன் பிரியாணி, பெரிய கேக், வாசலெல்லாம் சீரியல் விளக்கு. சாப்பாடு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. வந்தவர்கள் பசியோடு உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், கிளம்பிவிட்டார்கள். ஜனவரியில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என் வளையல் அடகுக்குப் போனது. அந்த வளையலைவிட, அத்தனை பேர் வந்தும் ஒருவரோடும் நான் உட்கார்ந்து பேசவில்லையே என்பதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த வருஷம் பெரியம்மாதான் சொன்னார்கள். "ஏட்டி, எல்லாச் செலவையும் நீ ஏன் தலையில தூக்கி வைக்க? ஆளுக்கு ஒரு சாமான் கொண்டாரச் சொல்லு. வந்து கூட நின்னு சுடட்டும்."

அப்படியே செய்தோம். நாலு வீடு சேர்ந்தோம். அரிசி எங்களுடையது, தேங்காய் சித்தப்பா தோப்பிலிருந்து. முட்டையும் சர்க்கரையும் ஒரு வீடு, எண்ணெய் ஒரு வீடு. இதில் எண்ணெய்தான் பெரிய செலவு. அதனால் ஒரே எண்ணெயில் முதலில் அச்சு முறுக்கை முடித்துவிட்டு, கடைசியில் முந்திரிக்கொத்து போட்டோம். முந்திரிக்கொத்தை முதலில் போட்டால் பூரணம் கசிந்து எண்ணெய் கறுத்துவிடும். வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, வெல்லப் பாகு, வறுத்த தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பது அது. இரண்டுமே காற்றுப் புகாத டின்னில் இரண்டு வாரம் தாங்கும். ஆகவே 22-ஆம் தேதி சுட்டது புத்தாண்டு வரைக்கும் வரும்.

ஆண்களும் சும்மா இருக்கவில்லை. தேங்காய் துருவுவது, பால் பிழிவது அவர்கள் வேலை. எட்டு வயதுப் பையன் முறுக்கை எண்ணி எண்ணி ஓலைப் பெட்டியில் அடுக்கினான். அடுக்கியதில் பாதி உடைந்தது, உடைந்ததெல்லாம் அவனுக்கே. மதியம் சோறு, கருவாட்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். ஒருவரும் குறை சொல்லவில்லை. கை மாவில் இருந்ததால் யாரும் போனைத் தொடவும் இல்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்த பெரியம்மா, தன் சின்ன வயதில் மூங்கிலைச் சீவி, கலர்த்தாளைக் கஞ்சிப் பசையில் ஒட்டி, உள்ளே அகல் விளக்கு வைத்து நட்சத்திரம் தொங்கவிட்ட கதையைச் சொன்னார்கள். ஒரு தடவை காற்றில் அது தீப்பிடித்து எரிந்ததாம். அன்று மாலையே பிள்ளைகள் மூங்கில் கேட்டு நின்றார்கள். விளக்குக்குப் பதிலாகச் சின்ன பல்பு போட்டோம்.

கிறிஸ்துமஸ் குடிலையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது அவர் கேட்டு வாங்கியது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். எங்கள் வீட்டில் பனை ஓலைக் கூரை, தேங்காய் நார், களிமண் ஆடு. பத்து நாள் முன்னால் தட்டில் விதைத்த கேழ்வரகு பச்சைப் பசேலென்று முளைத்து நிற்கும். ஒரு ஆட்டுக்கு மூன்று கால்தான் நின்றது. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள் என் மகள். கடையில் வாங்கிய குடிலை அவள் இத்தனை முறை எட்டிப் பார்த்ததில்லை.

பரிசு விஷயத்தில் கல்லூரி விடுதிகளில் விளையாடும் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு விளையாட்டே போதும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒரு சீட்டு. யார் பெயர் வந்ததோ அவருக்குத் தெரியாமல் அவருக்கு ஒன்று செய்ய வேண்டும். முப்பது பரிசு வாங்குகிற இடத்தில் வீட்டுக்கு நாலைந்து போதும். எங்கள் கணக்கு, நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது, கையால் செய்ததென்றால் ரொம்ப நல்லது. போன வருஷம் சித்தப்பாவுக்கு யாரோ அவர் அம்மாவின் பழைய போட்டோவைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனவர் ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. இப்படித் தெரியாமல் கொடுப்பது புதிதல்ல. கிறிஸ்துமஸ் தாத்தா என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கதைக்கு மூலமான புனித நிக்கோலாஸ் நாலாம் நூற்றாண்டில் மீரா நகரத்து ஆயர். ஏழை வீட்டுப் பெண்கள் மூவரின் கல்யாணத்துக்காக இரவில் யாருக்கும் தெரியாமல் பணத்தைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லும் கதை.

யாரை அழைப்பது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். இயேசு விருந்தைப் பற்றியே பேசிய இடம் ஒன்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் உண்டு. திருப்பி அழைக்கக்கூடிய பணக்கார அயலாரை விட்டுவிட்டு, திருப்பிச் செய்ய வழியில்லாதவர்களை அழைக்கச் சொல்கிறார். எங்கள் தெருவில் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உண்டு. விருந்துக்குக் கூப்பிட்டால், "உடம்பு சரியில்லை, அப்புறம் பார்ப்போம்" என்பார். "டீச்சர், மாவுப் பதம் எங்களுக்குப் பிடிபடல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று ஆள் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் சொந்த அச்சோடு வந்து நின்றார். முப்பது வருஷம் புழங்கிய பித்தளை அச்சு. முறுக்கு தானாகக் கழன்று விழுந்தது. ராத்திரி கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனி வரும்வரை இருந்து, வந்தவர்களுக்குக் கருப்பட்டிச் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

இந்த வருஷம் செய்ய நினைக்கிறவர்கள் பரணிலிருந்து அச்சை இன்றைக்கே இறக்கிப் பாருங்கள். துரு இருந்தால் தேய்த்துக் கழுவி, அரிசி கழுநீரில் ஒரு இரவு போட்டு, துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். அச்சே இல்லையென்றால் தெருவில் யாரிடமாவது இருக்கும். கேட்கப் போகும்போது, என்றைக்குச் சுடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.