கெமிஸ்ட்ரி படிக்க எட்டாம் வகுப்புக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை அஸ்தினாபுரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல தண்ணி லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. பேர்தான் அஸ்தினாபுரம், அரண்மனையெல்லாம் கிடையாது. குரோம்பேட்டையில இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சு வரணும்.

ரிசல்ட் வந்தாச்சு, காலேஜ் சீட்டும் கிடைச்சாச்சு, திறக்க இன்னும் ஒரு மாசம், ஒன்றரை மாசம் இருக்கு. அந்த இடைவெளியில இருக்கறவங்களுக்காகத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். முக்கியமா, பிளஸ் டூவுல கணக்கு எடுக்காம இப்போ பி.எஸ்சி. வேதியியலோ இயற்பியல் சேர்ந்த படிப்போ எடுத்திருக்கறவங்க. கணக்கு எடுத்தும் எல்லாத்தையும் பரீட்சை ஹாலிலேயே விட்டுட்டு வந்தவங்க. நாலஞ்சு வருஷம் வேலைக்குப் போயிட்டுத் திரும்பப் படிக்க வர்றவங்களும்தான்.

முதல்ல என் கதை.

நான் பியூர் சயின்ஸ் குரூப். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். பத்தாவது முடிச்சு அந்த குரூப்புக்கு ஃபார்ம் கொடுத்த அன்னைக்கு, இனிமே கணக்கு நோட்டே கிடையாதுன்னு எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மெடிக்கல் கனவு மார்க்கோட முடிஞ்சது. பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். அம்மா ரெண்டு வளையலை அடகு வச்சு ஃபீஸ் கட்டினாங்க.

முதல் நாள் டைம் டேபிள் எழுதிப் போட்டாங்க. துணைப்பாடம்: கணிதம், இயற்பியல். எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு.

முதல் இன்டர்னல்ல 50-க்கு 7. அதைக்கூட மறைச்சுடலாம், ஆனா லேப்ல மறைக்க முடியலை. கிராஃப் ஷீட்டுல புள்ளி வச்சுக் கோடு போட்டுட்டு, “சாய்வு எவ்வளவு?”ன்னு கேட்டாங்க. நான் புரொட்ராக்டர் எடுத்தேன். வகுப்பே சிரிச்சுது. சாய்வுன்னா கோணத்தை அளக்கணும்னு நான் நினைச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி, படிப்பை நிறுத்திடறேன்னு பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் எழுதி பைக்குள்ள வச்சேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அந்த லெட்டர் நாலு நாள் பைக்குள்ளயே கிடந்தது.

பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன் எடுத்துட்டு இருந்தாங்க. அஞ்சாவது நாள் அவங்ககிட்ட போய் நின்னேன். அவங்க ஒரு பேப்பர்ல மூணு கேள்வி எழுதிக் கொடுத்தாங்க.

ஒண்ணு: மூணுல ரெண்டு, அதோட நாலுல ஒண்ணு, கூட்டினா எவ்வளவு?
ரெண்டு: 0.05-ஐ 0.002-ஆல் வகுத்தா எவ்வளவு?
மூணு: அ = ஆ ÷ இ. அப்போ இ எவ்வளவு?

முதல் கேள்விக்குத் தட்டுத் தடுமாறி 12-ல 11-னு வந்தேன். ரெண்டாவதுக்கு 2.5-னு எழுதினேன். சரியான விடை 25. மூணாவதை அப்படியே விட்டுட்டேன். அக்கா பார்த்துட்டுச் சொன்னாங்க: “உனக்கு கெமிஸ்ட்ரி வராம இல்லம்மா. எட்டாவது வரலை.”

அழுகையும் வந்தது, கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. நான் முட்டாள் இல்லை, நடுவுல ஒரு படி உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான். மறுநாள் சாயந்திரத்துல இருந்து எட்டாவது பசங்களோட பாயில உட்கார்ந்தேன். “அக்கா, நீங்க ஃபெயிலா?”ன்னு ஒரு பையன் கேட்டான். “ஆமாடா”ன்னேன்.

தண்ணியில இருந்து தொடங்குவோம்

அக்கா முதல்ல எடுத்தது விகிதம். நம்ம பக்கத்துல பாதி வீட்டுல டி.டி.எஸ். மீட்டர் இருக்கு. அது காட்டற பி.பி.எம்.னா, தோராயமா ஒரு லிட்டர் தண்ணியில எத்தனை மில்லிகிராம் உப்புக்கள் கரைஞ்சிருக்குன்னு அர்த்தம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிதண்ணிக்கு 500 வரைக்கும் ஏத்துக்கலாம், வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும்.

இப்போ போர் தண்ணி 1400, லாரித் தண்ணி 200-னு வச்சுக்குவோம். ரெண்டையும் கலந்து 600 வரணும். எப்படிக் கலப்பீங்க? 200-க்கும் 1400-க்கும் வித்தியாசம் 1200. நமக்கு வேணும்கறது 200-க்கு மேல 400. 1200-ல 400-னா மூணுல ஒரு பங்கு. ஒரு குடம் போர் தண்ணிக்கு ரெண்டு குடம் லாரித் தண்ணி.

இதைப் புரிஞ்சுகிட்டவங்களுக்கு லேப்ல கரைசலை நீர்த்துப் போகச் செய்யற கணக்கும் இதே குடும்பம்தான். 1 மோலார் அமிலத்துல இருந்து 0.1 மோலார்ல 250 மில்லி வேணும்னா, பத்துல ஒரு பங்கு, 25 மில்லி எடுத்து மீதியைத் தண்ணியால நிரப்பணும். (அமிலத்தைத்தான் தண்ணியில ஊத்தணும், தண்ணியை அமிலத்துல ஊத்தாதீங்க.) சூத்திரத்தை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை.

அடுத்தது அடுக்குகளும் அலகுகளும். குரோம்பேட்டைங்கற பேரே இங்க இருந்த குரோம் லெதர் தோல் ஆலையால வந்தது. குரோமியம் உப்பை வச்சுத் தோல் பதனிடற முறை அது. குடிதண்ணியில மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. அதையே 50 மைக்ரோகிராம்னும் சொல்லலாம், 5 × 10⁻⁵ கிராம்னும் எழுதலாம். மூணும் ஒண்ணுதான்னு கண்ணை மூடிட்டுச் சொல்ல வரணும். புள்ளி ஒரு இடம் தள்ளினா பத்து மடங்கு. குடிக்கக் கூடாத தண்ணிக்கு நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டுடுவோம். நான் இப்போ தண்ணி பரிசோதிக்கற லேப்லதான் வேலை பார்க்கறேன், அதனால இதைக் கொஞ்சம் பயத்தோடயே சொல்றேன்.

லாக்கைப் பார்த்து ஓட வேண்டாம்

மடக்கை பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துல இருக்கு. பியூர் சயின்ஸ் எடுத்தவங்க கையில அந்தப் புத்தகமே இருக்காது. ஆனா கெமிஸ்ட்ரியில பி.எச். அளவுன்னு வந்தா நேரா லாக்தான்.

லாக்னா ஒரே ஒரு கேள்வி: 10-ஐ எத்தனை தடவை பெருக்கினா இந்த எண் வரும்? 1000-க்கு மூணு தடவை, அதனால லாக் 3. அவ்வளவுதான். 1909-ல டென்மார்க்ல சோரன்சன்கற வேதியியலாளர் பி.எச். அளவைக் கொண்டு வந்தார். அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல. அவ்வளவு சின்னச் சின்ன எண்களை எழுதி மாளாதுன்னுதான் இந்த வழி. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2, சுத்தமான தண்ணி 7. வித்தியாசம் 5 இல்லை, பத்தை அஞ்சு தடவை பெருக்கணும். அமிலத்தன்மையில ஒரு லட்சம் மடங்கு.

பீச் – தாம்பரம் டிரெயின்ல கால்குலஸ்

நான் புரொட்ராக்டர் எடுத்த கதைக்கு வருவோம். பீச்சுல இருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர், மின்சார ரயில்ல ஒரு மணி நேரம்னு வைங்க. நேரத்தைக் கீழேயும் தூரத்தை மேலேயும் வச்சு கிராஃப் போடுங்க. மாம்பலத்துல நிக்கறப்போ கோடு படுத்துக்கும். கிண்டி தாண்டி வேகம் எடுத்தா செங்குத்தா ஏறும். அந்த ஏற்றம்தான் சாய்வு. மேல எவ்வளவு ஏறினது, அதைப் பக்கவாட்டுல எவ்வளவு நகர்ந்ததுங்கறதால வகுக்கணும். இங்க அதுக்கு வேகம்னு பேர். ஒரு நொடியில உள்ள சாய்வைக் கேட்டா வகையிடல். வேக கிராஃபுக்குக் கீழே இருக்கற பரப்பைக் கூட்டினா தூரம் வரும், அது தொகையிடல்.

கெமிஸ்ட்ரியிலயும் இதே சாய்வு வரும். மே மாசம் இட்லி மாவு சீக்கிரம் பொங்கி வழியும், டிசம்பர்ல காலையில பார்த்தாலும் அசையாம இருக்கும். வெப்பநிலை கூடினா வினை வேகம் எப்படிக் கூடுதுன்னு சொல்ற அர்ரீனியஸ் சமன்பாட்டுல, வேக மாறிலியோட லாக்கை வச்சுக் கோடு போட்டு, அதோட சாய்வுல இருந்துதான் கிளர்வு ஆற்றலைக் கண்டுபிடிப்பாங்க. லாக்கும் சாய்வும் தெரியாட்டி அந்த யூனிட்டே இருட்டு.

ஆறு வாரத் திட்டம்

ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். முதல் வாரம் பின்னம், விகிதம், சதவீதம். ரெண்டாவது அடுக்குகள், அறிவியல் குறியீடு, அலகு மாற்றம். மூணாவது சமன்பாட்டைத் திருப்பி எழுதறது. நாலாவது கிராஃப், சாய்வு, லாக். அஞ்சாவது ஒன்பது, பத்தாம் வகுப்பு முக்கோணவியல். ஆறாவதுக்கு, தமிழ்நாடு பாடநூல் பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியில ‘இயக்கவியல்’ அலகை எடுங்க. அதுக்குள்ளயே வெக்டரும் அடிப்படை கால்குலஸும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நம்ம பாடநூல்கள் எல்லாம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது.

மூணு பழக்கம் மட்டும் வச்சுக்கோங்க. கால்குலேட்டரைத் தட்டறதுக்கு முன்னாடி விடை தோராயமா எவ்வளவு வரும்னு எழுதுங்க. ஒவ்வொரு வரியிலயும் அலகை எழுதுங்க. வீடியோ பார்த்ததோட நிறுத்தாம, அதே கணக்கை மூடி வச்சுட்டு வெறும் தாள்ல போடுங்க. தப்பாப் போட்ட கணக்குக்குத் தனி நோட்டு. என்னோட அந்த நோட்டு இன்னும் இருக்கு.

“ஃபாரடேவுக்குக் கணக்கே தெரியாதே?”ன்னு ஒரு தம்பி கேட்டான். உண்மைதான். புத்தகம் பைண்டிங் பண்ற கடையில வேலை கத்துக்கிட்டவர், பெரிய கணிதப் பயிற்சி கிடையாது. மேக்ஸ்வெல்லோட கட்டுரையைப் படிச்சுட்டு, கணிதத்துல வந்த முடிவுகளைச் சாதாரண மொழியிலயும் சொல்ல முடியாதான்னு 1857-ல அவருக்கே கடிதம் எழுதினார். ஆனா அவருக்கு ஆய்வுக்கூடத்துல பல பத்தாண்டுகள் இருந்தது தம்பி, உனக்கு ஒரு செமஸ்டர்தான் இருக்கு.

என் கணக்கு என்னாச்சுன்னு கேட்பீங்க. முதல் தடவை அரியர். ரெண்டாவது தடவை 52. அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டேன். வளையலைத் திருப்ப மட்டும் டிகிரி முடிச்சு, சம்பளம் வர ஆரம்பிச்ச பிறகும் எட்டு மாசம் ஆச்சு. அம்மாவுக்கு லெட்டர் விஷயம் இந்த எபிசோட் கேட்டாத்தான் தெரியும்.

இப்போ சனிக்கிழமை சாயந்திரம் இந்த மொட்டை மாடியில நாலஞ்சு பேர் வர்றாங்க, அதே மூணு கேள்வியைத்தான் முதல்ல கொடுக்கறேன். நீங்களும் ஆடியோவை நிறுத்திட்டு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. எங்க தடுக்குதோ அந்த வகுப்புப் புத்தகத்தைத் திறங்க. அடுத்த எபிசோடுல மோல் பத்திப் பேசலாம்.